வெயில் காயும்போது வரும் வெள்ளம்

கல்யாணமாகி நான் இந்தக் கொள்ளிடம் ஆற்றுப் படுகைக்கு வந்தது 2001இல். பிறந்த ஊர் சீர்காழிக்குத் தெற்கே. அங்கே வெள்ளம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை கொட்டி, வயலும் வாய்க்காலும் ஒன்றாகித் தெருவுக்கு வருவது. மழை விட்டால் வடியும். இங்கே வந்த பிறகுதான், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாமல் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போது வெள்ளம் வரும் என்று தெரிந்துகொண்டேன்.

கொள்ளிடம் பாலத்துக்கும் பழையாறு முகத்துவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வெள்ளக் காலத்தில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் என்று தொலைக்காட்சியில் பெயர் ஓடுமே, அந்த வரிசையில் வரும் சின்ன ஊர்களில் ஒன்று. எங்கள் பேச்சில் ‘கரை’ என்றால் தண்ணீர் ஓரம் இல்லை. வெள்ளம் ஊருக்குள் போகாமல் இருக்க இரண்டு பக்கமும் போட்டிருக்கிற உயரமான மண்கரை. அதன் மேல் பஸ் போகும் இடம்கூட உண்டு. கரைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது பாதுகாப்பு. நாங்கள் கரைக்கு உள்ளே, ஆற்றோடு சேர்த்து அடைக்கப்பட்டவர்கள்.

வெள்ளத்தைக் கொள்கிற இடம் என்பதால்தான் கொள்ளிடம். காவிரியில் பாசனத்துக்குப் போக மிஞ்சுவது எல்லாம் திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்பில் இந்தப் பக்கம் திருப்பப்படும். ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. கொள்ளிடத்தின் தரை தாழ்ந்துபோய், சாதாரணத் தண்ணீரே இதில் இறங்கி ஓடி, காவிரி மண்மேடிட்டுத் தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்கத்தான் 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்ட ஆரம்பித்தார். கூடவே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாற்றில் போய் வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004இல் இருந்து சென்னைக்காரர்களும் அதைக் குடிக்கிறார்கள். அதற்கு மேலும் மிஞ்சினால்தான் எங்கள் வாசலுக்கு வரும். ஆக, வருஷத்தில் பத்து மாதம் எங்கள் ஆறு மணல்தான். நடுவில் ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர் ஓடினால் பெரிசு.

இந்த இடத்தில் போய் ஏன் வீடு கட்டினார்கள் என்று என் அம்மா நிச்சயதார்த்தத்தன்றே கேட்டாள். இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வெளியே காணி நிலம் இல்லாதவர்கள். கரைக்கு வெளியே நிலம் எல்லாம் மிராசுக்கும் மடத்துக்கும் கோயிலுக்கும் இருந்தபோது, யாரும் கேட்காத படுகையில் வேலி போட்டு வெள்ளரியும் கத்தரியும் வைத்தார்கள் என்பதுதான் என் வீட்டுக்காரரின் தாத்தா சொன்ன கதை. 1924 வெள்ளத்தில் தன் அப்பா கூரையைக் கயிறு அவிழ்த்து இறக்கி, புன்னை மரத்தில் கட்டிவிட்டுக் கரையேறினாராம். சுவர் மண்சுவர், கரைந்தால் மறுபடி எழுப்பலாம். கூரையின் மூங்கிலும் கீற்றும்தான் காசு. வாழைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டிச் சாமான்களை ஏற்றியிருக்கிறார்கள். இப்போது எங்கள் வீடு தொகுப்பு வீடு, கான்கிரீட். கூரையை அவிழ்க்க முடியாது. சில விஷயத்தில் அந்தக் காலத்து வீடுதான் ஆற்றுக்குத் தோதாக இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

என்னுடைய முதல் பெருவெள்ளம் 2005 ஐப்பசி. அந்த வருஷம் ஆறும் மழையும் ஒன்றாக வந்தன. பெரியவளுக்கு மூன்று வயது. தண்டோரா போட்டதும் நான் ஓடிப்போய் எடுத்தது டிவி, கல்யாணப் பட்டுப்புடவை, ஒரு குடம், இரண்டு தலையணை. சிரிக்காதீர்கள், கையும் காலும் நடுங்கும்போது கண்ணில் பட்டதைத்தான் எடுப்போம். கரையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பிள்ளையின் மருந்து வீட்டில், குடும்ப அட்டை வீட்டில், தீப்பெட்டி வீட்டில். மாட்டைக் கொண்டுவந்துவிட்டோம், வைக்கோல் போரை விட்டுவிட்டோம். ஐந்தாம் நாள் மாடு பசியில் கத்தியதைக் கேட்டுக்கொண்டு டிவியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அத்தை, என் மாமியார், என்னைத் திட்டவில்லை. “அடுத்த தடவ சரியா எடுப்ப” என்றார். அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவரிடம்தான் பாடம் கேட்டேன். ஆடி பிறந்ததும் படித்துறைப் பக்கம் ஒரு மூங்கில் குச்சியை ஆழமாக அடித்து வைப்பார். சாணுக்கு ஒரு வெட்டு. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைவிட, ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அவர் பார்ப்பது. காலையிலிருந்து மத்தியானத்துக்கு ஒரு சாண் என்றால் சோறு வடித்துவிட்டு மூட்டை கட்டலாம். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் ஒரு சாண் என்றால் உலையை அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நிறமும் பார்ப்பார். செங்காவியாக நுரையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் அது மேற்கத்தித் தண்ணி, குடகு பக்கத்து மழை, இன்னும் பின்னால் வரும். கறுப்பாக, வாய்க்கால் வாடையோடு வந்தால் நம் பக்கத்து மழை, சீக்கிரம் நின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் எலி வளையில் தண்ணீர் ஊற ஆரம்பித்தால் அதற்குமேல் ஆற்றைப் பார்க்கத் தேவையில்லை. கீழே இருந்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு இதில் ஒரு குறை பட்டது. குச்சி, தண்ணீர் வந்த பிறகுதான் பேசும். கைபேசி வந்த பிறகு நான் எண்களைப் பின்தொடர ஆரம்பித்தேன். முதலில் எல்லாரையும் போல மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்று பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அது பாதிக் கணக்குதான். மேட்டூருக்குக் கீழே பவானியும் நொய்யலும் அமராவதியும் வந்து சேர்கின்றன, அதனால் முக்கொம்புக்கு அதைவிட அதிகமாக வரலாம். காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பிரித்துவிட்டால் நமக்குக் குறையலாம். நாங்கள் பார்க்க வேண்டியது முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு என்ன விடுகிறார்கள், அதற்குப் பிறகு அணைக்கரையில் என்ன திறக்கிறார்கள் என்ற இரண்டு எண்கள் மட்டும். முக்கொம்பில் இருந்து அணைக்கரையே 100 கிலோமீட்டருக்கு மேல். முக்கொம்பு எண் எங்களுக்கு ஒரு நாளுக்கு மேல் அவகாசம் தரும், அணைக்கரை எண் அரை நாள். எங்கள் தெருவுக்கு என்று நான் ஒரு நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்: வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தொட்டால் தாழ்ந்த கொல்லைகள் முழுகும். அதற்கு மேல் கால் லட்சம் கூடினால் தெரு. இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் போனால் வீட்டுக்குள் இடுப்பளவு. பக்கத்துத் திட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மேடு பள்ளம் வேறு. அவரவர் தெருவுக்கு அவரவர்தான் குறித்துவைக்க வேண்டும்.

பெரியவள் பத்தாவது படிக்கும்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47. ஆக, இரண்டு லட்சம் கன அடி ஓடினால் ஐந்தரை நாளில் மேட்டூர் அணை அளவுக்குத் தண்ணீர் எங்கள் கொல்லை வழியாகக் கடலுக்குப் போகிறது. அத்தை இதைக் கேட்டுவிட்டு, “போற தண்ணி போகட்டும், நம்ம மோட்டார அவுத்து மேல வைக்கச் சொல்லு உங்கப்பன” என்றார்.

கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை மீனவர்களிடமிருந்து கற்றுக்கொண்டோம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீரை அது வாங்காது. மேலே திறப்பதைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்திருக்கும், நம் வாசலில் ஒரு விரல்கூட இறங்கியிருக்காது. 2022இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3. காப்பரிசியும் கருகமணியும் வைத்துப் படைத்த படித்துறை அடுத்த இரண்டு மூன்று நாளில் காணாமல் போனது. அதற்கடுத்த வாரமே பௌர்ணமி. கரையில் இன்னும் சில நாள் கூடத்தான் இருக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அரிசியை அதற்குத் தகுந்தாற்போல் எடுத்துவைத்தோம்.

அந்த 2022 வெள்ளத்தில்தான் முதல்முறையாக எல்லாம் ஓரளவு சரியாக நடந்தது. வைக்கோல் முதலில் போனது, மனுஷர்களுக்கு முன்னால். காய்ந்த விறகு ஒரு கட்டும் அதனுடன் போனது. அடுத்து மாடு. பசுவைக் கயிறு பிடித்து இழுத்தால் சேற்றில் அழுந்தி நின்றுகொள்ளும், நாலு ஆள் வேண்டும். கன்றை அவிழ்த்து முன்னால் தூக்கிக்கொண்டு போனால் தாய் தானாகப் பின்னால் வரும். ஆடுகளில் கிடாவைப் பிடித்தால் போதும். கோழிகளைப் பகலில் துரத்திக்கொண்டு நேரத்தை வீணடிக்காதீர்கள், பொழுது சாய்ந்து அடைந்த பிறகு கூடையில் அள்ளலாம்.

காகிதங்களுக்கு எங்கள் மகளிர் குழுவில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா உள்ளவர்களுக்குப் பட்டா, இல்லாதவர்களுக்குப் புறம்போக்கில் பயிர் செய்ததற்கு அபராதம் கட்டிய ‘பி மெமோ’ ரசீது, எல்லாவற்றையும் ஆனி மாதமே மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கரைக்கு வெளியே இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவிடுவது. ஒவ்வொரு தாளையும் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிவைப்பது. கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியில் கட்டுவது. கேஸ் நிறைந்த சிலிண்டரும் மிதக்கும், 2005இல் எங்கள் தெருச் சிலிண்டர்கள் மூன்று கருவேலங்காட்டில் கிடைத்தன. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் வீட்டைப் பூட்டுவது.

பெண்களுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும், ஆண்கள் எழுதும் எந்தப் பட்டியலிலும் இது வராது. கரையில் தங்கும்போது கழிப்பறை இல்லை. இருட்டிய பிறகு போகலாம் என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து, இரண்டு பேருக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இப்போது தார்ப்பாய் கட்டும் அன்றே, கரையின் வெளிச்சரிவில் நாலு கம்பு நட்டுப் பழைய புடவையால் ஒரு மறைப்பு கட்டிவிடுகிறோம். மண்வெட்டி ஒன்று அங்கேயே கிடக்கும். டார்ச் இல்லாமல் யாரும் போகக் கூடாது, பாம்பும் எங்களோடு சேர்ந்துதான் கரையேறியிருக்கும். நாப்கின் ஒரு கட்டு குழுவின் பொது மூட்டையில். நிவாரணம் கொண்டுவருகிறவர்கள் பிரெட் கொண்டுவருகிறார்கள், தலைக்கு நாலு பாக்கெட் பிரெட் கிடைத்த நாளும் உண்டு. கொசுவத்தியும் நாப்கினும் கேட்டு வாங்கக் கூச்சப்படக் கூடாது என்று 2018இல் முடிவெடுத்தோம்.

அந்த 2018 வேறு மாதிரி. திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்த செய்தி வந்தது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்தன. நாங்கள் வடிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வீடு திரும்பும் யோசனையில் இருந்தோம். காவிரிக்குப் போக வேண்டியதும் இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய ஏற்றம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று ராத்திரி கரையில் யாரும் படுக்கவில்லை. இரண்டு இரண்டு பேராகக் குச்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

வெள்ளத்தைவிட, அது வடிந்த பிறகு வரும் பத்து நாள்தான் ஆளைத் தின்பது. தண்ணீர் முழுக்க இறங்கட்டும், பிறகு வீட்டைக் கழுவலாம் என்று புதிதாக வருகிறவர்கள் காத்திருப்பார்கள். நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். காய்ந்த வண்டல் தரையிலும் சுவரிலும் பிடித்த பிடி மண்வெட்டிக்கும் மசியாது. முழங்கால் அளவுக்கு இறங்கியதும் உள்ளே போய், இருக்கிற தண்ணீரையே வாளியால் சுவரில் அடித்து, விளக்குமாற்றால் கலக்கி, இறங்குகிற தண்ணீரோடு வண்டலையும் வாசலுக்குத் தள்ளிவிட வேண்டும். ஆறு கொண்டுவந்ததை ஆற்றைக்கொண்டே வெளியேற்றுவது. கான்கிரீட் வீட்டுக்குத்தான் இது. மண்சுவர் வீட்டுக்குள் ஊறிய நிலையில் போகவே கூடாது, இரண்டு நாள் வெயில் பட்ட பிறகுதான் அது நிற்குமா விழுமா என்று தெரியும். பரணில், பானைக்குள், சுருட்டிய பாயில் கை விடுவதற்கு முன்னால் கம்பால் தட்ட வேண்டும். கைபம்பை முதல் நாள் அடித்து அடித்துக் கலங்கல் போகும்வரை கொட்ட வேண்டும், ப்ளீச்சிங் பவுடர் போட வருகிறவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும், அதுவரை கொதிக்கவைத்த தண்ணீர்தான். காலில் சேற்றுப்புண்ணோடு எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகாமல் அங்கேயே விழுங்குங்கள்.

இழப்பீடு பற்றி நீளமாக எழுத ஆசை இல்லை, வயிறு எரியும். விளைச்சலில் 33 சதவீதத்துக்கு மேல் அழிந்தால் உதவித்தொகை என்பது விதி. எங்களுக்கு அழிவது முழுசாக. ஆனால் படுகை நிலத்தில் பாதிக்குப் பட்டா கிடையாது, புறம்போக்கு. ஆக்கிரமிப்புக்கு அபராதம் என்று வாங்குகிற பி மெமோ ரசீதை வைத்துக்கொண்டுதான் நான் பயிர் செய்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தடவை என் விண்ணப்பத்தை, பயிர் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். முல்லைக்கொல்லை மேல் ஆறடித் தண்ணீர் நிற்கும்போது அத்தாட்சியை எங்கே போய் எடுப்பது? அதிலிருந்து ஒன்று செய்கிறேன். ஆடி முதல் வாரம், கொல்லையில் நான் நின்று, பின்னால் அடையாளம் தெரிகிற மாதிரி மின்கம்பமோ கோயில் மரமோ வைத்து, தேதியோடு படம். தண்ணீர் நிற்கும்போது அதே இடத்தைப் பார்த்து ஒரு படம். வடிந்த பிறகு அதே இடத்தில் மூன்றாவது. மூன்றையும் அச்சுப் போட்டு விண்ணப்பத்தோடு இணைத்தால் கேள்வி குறைகிறது. பணம் சீக்கிரம் வருகிறது என்று சொல்லவில்லை.

கரைக்கு வெளியே மனை கிடைத்து வீடு கட்டிப் போனவர்களும் உண்டு. போனவர்களில் பாதிப்பேர் பொழுது விடிந்தால் சைக்கிளில் படுகைக்கு வந்துவிடுகிறார்கள். கொல்லை இங்கேதானே இருக்கிறது. வெள்ளம் விட்டுப்போவது வண்டலாக இருந்தால், அந்த வருஷம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் உரமூட்டையே வேண்டாம். செடி கறுகறு என்று வரும். சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் காய் அனுப்பி ஒரே பருவத்தில் கடனை அடைத்தவர்கள் இருக்கிறார்கள். மணலைக் கொட்டிவிட்டுப் போனால் மூன்று வருஷம் நிலம் நிலமாக இருக்காது. பக்கத்துப் பக்கத்துக் கொல்லையில் ஒருவனுக்கு வண்டல், ஒருவனுக்கு மணல் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். முல்லை மட்டும் எதற்கும் ஒத்துக்கொள்ளாது. நாலைந்து நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். அதனால் வெளியே அம்மா வீட்டுக் கொல்லையில் ஐம்பது பதியன் எப்போதும் வளர்த்துவைத்திருக்கிறேன். வெள்ளம் வராத வருஷம் அது வீண்வேலை மாதிரித் தெரியும்.

எண்ணும் குச்சியும் சொல்லாத ஒன்று இப்போது கூடியிருக்கிறது. மணல் எடுத்த பள்ளங்கள். அத்தை காலத்தில் ஆற்றின் தரை எங்கே இடுப்பு, எங்கே கழுத்து என்று குழந்தைக்கும் தெரியும். இப்போது முழங்கால் தண்ணீரில் நடந்துபோகிறவன் அடுத்த அடியில் காணாமல் போகிறான். பள்ளத்தில் முதலை கிடப்பதும் உண்டு. ஆடிப்பெருக்குக்கு வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரப் பிள்ளைகளைப் படித்துறையில் குடத்தால் மொண்டு ஊற்றிக்கொள்ளச் சொல்கிறோம். ஆற்றில் இறங்க விடுவதில்லை. கோபித்துக்கொள்கிறார்கள்.

2024 ஆடிப்பெருக்குக்கும் தண்ணீர் வந்தது. அத்தைக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அவரைத்தான் கரையேற்றினோம், தார்ப்பாய்க்குள் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அணைக்கரையில ஒரு லட்சத்துக்கு மேல தொறந்துட்டாங்களாம் அத்தை.”

“அது எத்தன சாணுடி?”

சொல்லத் தெரியவில்லை. இறங்கிப் போய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்ததுக்கு இப்போது மூன்று வெட்டு முழுகியிருந்தது. சொன்னேன். அவர் கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு கேட்டார்.

“கன்னுக்குட்டிய அவுத்தாச்சா?”